கேட்காமல் திரும்பிய வீடு

எங்கள் குழுவிடம் ஆக்சிஜன் மிஷின் ஒன்றுதான் இருந்தது. முழங்கால் உயரம், அடியில் நான்கு சக்கரம், மின்சாரத்தில் ஓடும். அறையில் இருக்கும் காற்றை இழுத்து, அதிலிருந்து பிராணவாயுவைப் பிரித்து, மூக்கில் மாட்டும் குழாய் வழியாக அனுப்பும். கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறைக்காரர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. மற்றபடி எங்களிடம் இருந்தவை இரண்டு காற்று மெத்தை, சக்கர நாற்காலி மூன்று, ஒரு ரசாக் அண்ணன்.

ரசாக் அண்ணன் ஆம்னி வேன் வைத்திருக்கிறார். காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஓட்டுவார், நடுப்பொழுதில் எங்களுக்கு. நான் மேட்டுப்பாளையம் ரோட்டில் தையல் கடை நடத்துகிறேன். பெயர் கயல்விழி. இன்னும் நான்கு பேர் உண்டு. படுத்த படுக்கையாகிவிட்டவர்களின் வீடுகளுக்குப் போவோம். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா சொல்லிக் கொடுத்த அளவுக்குப் புண்ணைத் துடைத்துக் கட்டுவோம், தலை சீவி விடுவோம், மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று பார்ப்போம், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவோம். மிஷின் தேவைப்பட்டால் டாக்டர் சீட்டைப் பார்த்துக் கொண்டுபோய் வைப்போம். தேவை முடிந்ததும் எடுத்து வந்து, துடைத்து, அடுத்தவருக்குக் கொடுப்போம். எங்கள் வேலையில் தேவை முடிந்தது என்றால் அதற்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்.

சென்ற புரட்டாசியில் மிஷின் சென்னகேசவன் வீட்டில் இருந்தது. அவர் பம்ப்செட் பட்டறைக்காரர். மனைவி ரங்கநாயகிக்கு நுரையீரலில் புற்று. இரண்டு மாதம் அந்த மிஷின்தான் அவருக்கு மூச்சு. ஒரு புதன்கிழமை காலையில் அவர் தவறிவிட்டார். குழுவாகப் போய் மாலை போட்டுவிட்டு வந்தோம்.

வெள்ளிக்கிழமை கந்தப்பனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இருபத்திரண்டு வருடம் ஃபவுண்டரியில் இரும்புப் பிசிர் தேய்க்கிற வேலை பார்த்தவர். மணல் தூசி நெஞ்சுக்குள் படிந்து இறுகிவிட்டது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டால் கஷ்டமில்லாமல் இருப்பார் என்று டாக்டர் எழுதியிருந்தார். பாலமலை ரோட்டில் அவர் வீடு. நாங்கள் போனபோது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரில் ஸ்டூலின்மேல் தலையணைகளை அடுக்கி, அதன்மேல் நெற்றியை வைத்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தபடியேதான் இரவும் பகலும்.

"ஏனுங் கண்ணு, மிஷினு இன்னிக்கே வந்துருமா?" என்று அவர் மனைவி மாரியாத்தாள் கேட்டார்.

"ஒரு ஊட்டுல இருக்குதுங்க அக்கா. அந்தம்மா தவறிப் போயி ரெண்டு நாள்தான் ஆச்சு. போயி எடுத்துட்டு வந்துர்றேன்."

கந்தப்பன் நெற்றியைத் தூக்கினார். நான்கு வார்த்தை பேசினால் ஐந்தாவதற்கு நிறுத்த வேண்டும் அவருக்கு.

"அப்ப வேண்டாம் அம்மணி... அவசரமில்ல. சாவு ஊட்டுல போயி... சாமானம் கேப்பாங்களா? ... ரெண்டு நாள் போவட்டும்."

எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. மூச்சுக்குத் தவிக்கிற மனிதர் முன்பின் தெரியாத ஒருவரின் துக்கத்தை நினைக்கிறாரே என்று ரசாக் அண்ணனிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் நல்லவர் என்று சொல்லும்போது நானும் நல்லவள் என்று மனதுக்குள் ஓர் இதம் இருந்தது. அந்த இதத்தை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் சென்னகேசவன் வீட்டுக்குப் போனேன். ரங்கநாயகி படுத்திருந்த அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கட்டில் அப்படியே இருந்தது. அதன் ஓரத்தில் மிஷின். குழாயை ஒழுங்காகச் சுற்றி அதன் தலையில் வைத்திருந்தார்கள். சென்னகேசவன் தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க கண்ணு," என்றார். "இந்த மிஷினு ரெண்டு மாசமா ராத்திரி பகலா ஓடிட்டே இருந்துச்சு. இப்ப ஊட்டுல சத்தமே இல்ல. தூக்கமே வரமாட்டேங்குது."

அவருடைய அக்கா யாரிடமோ தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தவர், வாசலில் ஒரு பெண் பாத்திரம் எதையோ எடுத்துப் போவதைப் பார்த்துத் தமிழில் அதட்டினார்: "அத அங்கியே வையி. காரியம் முடியற வரைக்கும் இந்த ஊட்டுச் சாமான் ஒண்ணும் படி தாண்டக் கூடாது. எத்தன தடவ சொல்றது?"

அவர் சொன்னது பாத்திரத்துக்கு. மிஷின் அந்த வீட்டுச் சாமான் அல்ல, எங்களுடையது. எனக்கும் அது தெரியும். ஆனாலும் நாக்கு எழவில்லை. கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன்.

வேனில் ரசாக் அண்ணன் பின்கதவைத் திறந்து, மிஷின் வைக்கச் சாக்கு விரித்துக் காத்திருந்தார்.

"எங்கீங்க அம்மணி, வெறுங்கையோட வாரீங்க?"

"காரியம் முடியட்டுமுங்கண்ணா."

"அவரு சொன்னாருங்களா?"

நான் வேனின் முன்கதவைத் திறந்தேன்.

"நாங் கேட்டுப் பாக்கட்டுங்களா?"

"நீங்க கேட்டா மட்டும் நல்லாவா இருக்கும்?"

அவர் தாடியைச் சொறிந்தார். "அதுவுஞ் செரிதான். எங்கூட்டு மவுத்துல ஒருத்தன் வந்து கட்டிலக் குடுன்னா, நானே அவனத் தொரத்தியுட்டுப்போடுவேன்." சாக்கைச் சுருட்டி உள்ளே போட்டார்.

கந்தப்பன் வீட்டுக்குப் போனதும் மாரியாத்தாள் வேனின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். அங்கேதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

"கேட்டனுங்க அக்கா. காரியம் முடியற வரைக்கும் சாமான் படி தாண்டக் கூடாதாம், முடிஞ்சதும் தாரேன்னு சொல்லிப்போட்டாங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? கேட்கக் கூச்சமாக இருந்தது என்று சொல்ல வெட்கம். மூச்சுக்கு அலைகிறவர் முன்னால் என்னுடைய கூச்சம் எவ்வளவு சின்னது என்று எனக்கே தெரிந்துவிடும் என்ற பயம். ரசாக் அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார். எல்லாரும் எல்லாருக்கும் மரியாதை காட்டினோம்.

சும்மா இருந்துவிடவில்லை. கிணத்துக்கடவில் எங்களைப் போல ஒரு குழு இருக்கிறது. அவர்களுடைய மிஷின் வேறு ஒரு நோயாளியிடம் இருந்தது, திரும்பி வந்ததும் தருவதாகச் சொன்னார்கள். வாடகைக் கடையில் பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். கடைசியில் ஒரு சிலிண்டர் கிடைத்தது. அரை நாளில் தீர்ந்துவிடும். ரசாக் அண்ணன் பள்ளிக்கூடச் சவாரிகளுக்கு நடுவே அதைத் தூக்கிக்கொண்டு போய் நிரப்பி வருவார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இந்தச் சிலிண்டரு என்ற மாமியாரு கனம் இருக்குதுங்க," என்பார். கந்தப்பன் சிரிக்க முயன்று இருமுவார்.

முதல் சிலிண்டர் வந்த அன்று ஒன்று நடந்தது. குழாயை மூக்கில் மாட்டி அரை மணி நேரம் கழித்து, கந்தப்பன் மெதுவாகக் கட்டிலுக்கு நகர்ந்தார். தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தோம். படுத்தார். கண்ணை மூடினார். குறட்டை வந்தது. மாரியாத்தாள் கட்டிலுக்கு அருகில் தரையில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, அந்தக் குறட்டையைக் கோயிலில் பாட்டுக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். "பதினோரு நாளாச்சு கண்ணு, இந்த மனுசன் முதுகு கட்டில்ல பட்டு," என்றார். சிலிண்டர் தீர்ந்ததும் கந்தப்பன் எழுந்து மறுபடி நாற்காலிக்குப் போனார்.

அன்று தீர்மானம் செய்தேன், கேட்டுவிடுவது என்று. செவ்வாய்க்கிழமை போனேன். சென்னகேசவன் இலையில் உட்கார்ந்திருந்தார். ஆறு நாளில் இன்றுதான் ஒரு வாய் சோறு இறங்குகிறது என்று அவர் அக்கா என் காதில் சொன்னார். அந்தச் சோற்றுக்கு முன்னால் எப்படிக் கேட்பது? திரும்பிவிட்டேன்.

வியாழக்கிழமை மறுபடி போனேன். இந்த முறை அவரே கேட்டார்.

"ஏதாச்சும் விசயமுங்களா கண்ணு? தயங்கித் தயங்கி நிக்கறீங்க."

கதவைத் திறந்து உள்ளே வா என்று கடவுளே அழைத்ததுபோல் இருந்தது அந்தக் கேள்வி. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். நான் சொன்னது இது: "ஒண்ணுமில்லீங்க. சும்மா உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க."

அவர் கண் கலங்கியது. "மூணாவது தடவ வந்திருக்கறீங்க. சொந்தபந்தமெல்லாம் ஒரு நாள் தல காட்டினதோட செரி. மருந்து குடுக்க வந்த புள்ள மூணு தடவ வந்து உக்காந்துட்டுப் போவுது. என்ற சம்சாரம் குடுத்து வெச்சவ."

அதற்குப் பிறகு எப்படிக் கேட்பது? அவர் என்மேல் வைத்த அந்த நல்ல எண்ணத்தை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையில் உடையக் கூடாது என்று நான் பார்த்துக்கொண்டது அவர் மனத்தையா, என் பெயரையா?

சனிக்கிழமை கந்தப்பனின் உதடும் நகமும் நீலமாக இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றோம். கையை ஆட்டி மறுத்துவிட்டார். மாரியாத்தாள் என்னுடன் வேன் வரை நடந்து வந்தார். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"கண்ணு, அவரு ஊடு எங்கீன்னு மட்டும் சொல்லு. நாம் போயி அவரு கால்ல உழுந்து கேக்கறேன். காரியத்துக்கு இன்னும் அஞ்சு நாள் கெடக்குது. அது வரைக்கும் இந்த மனுசன் தாங்க மாட்டாரு."

"வேண்டாமுங்க அக்கா. அவரும் நொந்து போயிக் கெடக்கறாரு. கிணத்துக்கடவுக்காரங்க திங்கக்கெழம தாரேன்னு சொல்லியிருக்கறாங்க."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "செரி கண்ணு. உனக்குத் தெரியாததா," என்றார்.

அந்தப் பெண் போயிருந்தால் என் பொய் வெளிப்பட்டிருக்கும். நான் அவரைத் தடுத்ததில் அதுவும் இருந்தது. ஆண்டவன் அறிவான்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கந்தப்பன் போய்விட்டார். நாற்காலியில் உட்கார்ந்தபடி, தலையணை அடுக்கின்மேல் நெற்றியை வைத்தபடி. சிலிண்டர் காலி. ரசாக் அண்ணன் நிரப்பும் இடத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நான் ஓடிப் போனபோது அக்கம்பக்கத்தார் அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். மாரியாத்தாள் அழவில்லை. என்னைப் பார்த்ததும் கட்டிலைக் காட்டினார்.

"பாரு கண்ணு. இப்பத்தான் படுத்திருக்கறாரு."

நர்ஸம்மா பிறகு எனக்கு ஆறுதல் சொன்னார். மிஷின் இருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார், சில வாரங்கள் கூடியிருக்கும், அவ்வளவுதான் என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சில வாரமும் அவர் படுத்துத் தூங்கியிருப்பார். நாங்கள் வீடு வீடாகப் போவதே அதற்குத்தானே?

வெள்ளிக்கிழமை சென்னகேசவன் என் தையல் கடைக்கு வந்தார். முந்தின நாள் காரியம் முடிந்து, தலை மழித்திருந்தார். காரின் பின்சீட்டில் மிஷின். புது ஃபில்டர், புதுக் குழாய், மேலே தூசி படாமல் இருக்கத் துணி உறை.

"உங்க சாமானப் பத்தரமாக் கொண்டாந்து சேத்திப்போட்டேன் கண்ணு. அடுத்தது யாருக்குங்க?"

ஒரு பெயரைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். துக்கத்திலிருந்து இப்போதுதான் எழுந்து வந்த மனிதருக்கு இன்னொரு பாரம் எதற்கு என்று தோன்றியது. அதே குரல்தான். மூன்று தடவை என்னைத் திருப்பி அழைத்து வந்த குரல். இந்த முறை அதைக் கேட்கவில்லை.

"ஒருத்தருக்கு வேண்டியிருந்துச்சுங்க. கந்தப்பன்னு பேரு. ஃபவுண்டரியில இருந்தவரு. போன ஞாயித்துக்கெழம தவறிட்டாரு."

"எப்ப இருந்து காத்துட்டு இருந்தாரு?"

"உங்க சம்சாரம் தவறின மூணாம் நாள்ல இருந்துங்க."

வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் அவர் உட்கார்ந்தார். ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

"நீங்க மூணு தடவ வந்தது அதுக்குத்தானுங்களா?"

"ஆமாங்க."

"என்னையப் பாக்க வந்தீங்கன்னு நெனச்சுப்போட்டேன்."

"அதுக்குந்தானுங்க," என்றேன். உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அது உண்மையாக ஒலிக்கவில்லை.

"ரெண்டு மாசம்," என்றார். "அவ மூச்சுக்கு அலஞ்சத ரெண்டு மாசம் பக்கத்துல உக்காந்து பாத்தவன் நானு. கரண்டு போனா எனக்கு உசுரு போயிரும். இந்த ஊருல வேற எவங்கிட்டக் கேக்க யோசிச்சாலும் செரி, என்றகிட்டக் கேக்க யோசிச்சீங்களே கண்ணு. மால போட்டுட்டுப் போனப்பவே எடுத்துட்டுப் போயிருந்தாலும் நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனே."

என்னால் தையல் மிஷினின் சக்கரத்தைத்தான் பார்க்க முடிந்தது.

அவர் எழுந்தார். "வாங்க. அந்த ஊட்டுக்குப் போலாம். துக்கம் கேக்கோணும்."

வழியில் அவரிடம் பொய்யைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். மாரியாத்தாள் வாசலில் உட்கார்ந்திருந்தார். இவர் இன்னார் என்று நான் சொன்னதும் மாரியாத்தாளின் முகம் இறுகியது. ஆனாலும் எழுந்து நின்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். அதே பிளாஸ்டிக் நாற்காலி.

"உக்காருங்க. உங்கூட்டுக் காரியமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா? ஒரு சாமானும் படி தாண்டாம, கொறயில்லாம முடிஞ்சுதுங்களா?"

அவ்வளவு மரியாதையாக ஒருவரை யாரும் அறைந்து நான் பார்த்ததில்லை. சென்னகேசவன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"அக்கா," என்றேன். "இவரு தரமாட்டேன்னு சொல்லல. காரியம் முடியட்டும்னும் சொல்லல. நான் கேக்கவே இல்லீங்க அக்கா. மூணு தடவ போயும் கேக்காம வந்துட்டேன். கேட்டேன்னு உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்."

மாரியாத்தாள் தூணைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார். பிறகு என்னிடம் அல்ல, சென்னகேசவனிடம் பேசினார்.

"சாமி முன்னால நின்னு உங்களச் சபிச்சுட்டேனுங்களே. அஞ்சு நாளா, வெளக்குப் போட்டுப் போட்டுச் சபிச்சேனுங்களே."

"அதுனால என்னங்க ஆத்தா," என்றார் அவர். "இனிமே எனக்கு ஆவறதுக்கு என்ன இருக்குது? ஆவ வேண்டியதெல்லாம் ஆயிப்போச்சு." நாற்காலியை விட்டு இறங்கி அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். "படுத்துத் தூங்க முடியாம இருந்தாருன்னு இந்தப் புள்ள சொல்லுச்சு. என்ற சம்சாரமும் கடைசி நாளு அப்பிடித்தான்."

இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ரங்கநாயகிக்கு எந்தப் பக்கம் சாய்ந்தால் மூச்சு லேசாக வந்தது, கந்தப்பன் கடைசியாக என்ன கேட்டுச் சாப்பிட்டார் என்று. மற்றவர்களிடம் சொல்ல முடியாத அந்தச் சின்னச் சின்ன விஷயங்கள். நான் ஓரமாக நின்றேன். எனக்கு அங்கே இடமில்லை. இருக்கவும் கூடாது.

கிளம்பும்போது மாரியாத்தாள் என் பக்கம் திரும்பினார்.

"நீ கெட்டவ இல்ல கண்ணு. அது எனக்குத் தெரியும்." முந்தானையை உதறிச் செருகினார். "ஆனா நீ கேட்டிருக்கோணும்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று பிற்பகலே மிஷின் சாஜிதா பேகம் வீட்டுக்குப் போனது. கோட்டைமேட்டிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர். மருமகள் ஹிபாவுக்கு மிஷினைப் போடவும் நிறுத்தவும், அதில் மாட்டியிருக்கும் பாட்டிலில் தண்ணீர் மாற்றவும் சொல்லிக் கொடுத்தேன். எல்லாம் முடிந்தும் கிளம்பாமல் நின்றேன். நோயாளி இருக்கிற வீட்டில் சொல்லக் கூடாத பேச்சு.

"இன்னொண்ணு சொல்லோணுமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த மிஷினு ஒண்ணுதான் இருக்குது. இது உங்களுக்குத் தேவப்படாமப் போற அன்னிக்கே நான் வந்து கேப்பேன். எந்த நெலமையில இருந்தாலும், அன்னிக்கே கேப்பேனுங்க."

ஹிபாவின் முகம் சிவந்தது. "என்னக்கா இது, வந்ததும் வராததுமா இப்பிடிப் பேசறீங்க?"

கட்டிலிலிருந்து சாஜிதா பேகம் கையைத் தூக்கினார். "அட, அந்தப் புள்ள சரியாத்தானே சொல்லுது." மூச்சு வாங்கினார். "நீ வந்து கேளு. என் மகன்கிட்டக் கேக்காத, அவன் அழுதுட்டு இருப்பான். இவகிட்டக் கேளு. சீக்கிரம் வந்துரு. இல்லேன்னா இவ இதுமேல துணி காயப் போட்டுருவா."

"மாமி!" என்று ஹிபா அதட்டினாள். அதட்டிவிட்டு அழுதாள்.

தை மாதம் சாஜிதா பேகம் போனார். அடக்கம் முடித்து ஆண்கள் திரும்பிய அன்று மாலையே ரசாக் அண்ணனும் நானும் போனோம். வீடு நிறையப் பெண்கள். என் கால் வாசலில் நின்றுவிட்டது. உள்ளேயிருந்து ஹிபா என்னைப் பார்த்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது. திரும்பிப் போய், மிஷினை உருட்டிக்கொண்டு வந்தாள்.

இனி நான் எதுவும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. குனிந்து தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். ஆனாலும் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, என் குரலில் கேட்டேன்.

"மிஷின எடுத்துக்கலாமுங்களா? பல்லடத்துல ஒருத்தரு காத்துட்டு இருக்கறாரு."